இரண்டு துளையா, மூன்று துளையா: பெடலும் சப்பாத்தும் மாற்றிய கதை

இடது பெடலைக் கழற்ற எனக்கு இரண்டு நாள் பிடித்தது. வலது பெடல் கால் மணித்தியாலத்தில் கையோடு வந்துவிட்டது. பெலம் போதாமல் இல்லை. முதல் நாள் முழுவதும் அந்த இடது பெடலைக் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சைக்கிளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 2022இல் இலங்கையில் பெற்றோல் தட்டுப்பாடு வந்து, வரிசை தெரு முனை தாண்டி நீண்ட நாட்களில், எங்கள் ஊர் திருகோணமலையில் எல்லோரும் சைக்கிள் தேடினோம். எது கிடைத்ததோ அதுதான். எனக்குக் கிடைத்தது ஒருவர் பாவித்துவிட்டு வைத்திருந்த ஹைபிரிட் சைக்கிள். அலுமினியச் சட்டம், நேர் ஹாண்டில், முன்னால் மூன்று பல்சக்கரம். பெற்றோல் திரும்பி வந்ததும் அயலில் பல சைக்கிள்கள் சுவரோடு சாய்ந்துவிட்டன. என்னுடையது சாயாததற்கு உடற்பயிற்சி, சுற்றுச்சூழல் என்று பெரிய காரணம் எதுவும் கிடையாது. ஞாயிறு விடியப்புறம் நிலாவெளிப் பக்கம் ஓடிப் பழகிவிட்டேன். வீட்டிலிருந்து போய்த் திரும்ப 30 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேலே வரும்.

அத்தனை நாளும் ஓடியது ரப்பர் செருப்போடுதான். மார்கழியில் ஒரு காலை, வாடை மழை தூறிக்கொண்டிருந்தது. சாம்பல்தீவுப் பாலத்துக்குச் சற்று முன்னால் எழுந்து நின்று மிதித்தேன். ஈரச் செருப்பு வழுக்கியது, பெடல் சுற்றி வந்து முழங்காலுக்குக் கீழே எலும்பில் அடித்தது. அந்த வடு இன்னும் இருக்கிறது. வீட்டுக்கு வந்து காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டே போனில் சைக்கிள் சப்பாத்துத் தேடத் தொடங்கினேன்.

தேடியதும் தவறாய் வாங்கியதும்

தேடப் போனால் முதலில் குழப்புவது பெயர். சப்பாத்தைப் பெடலோடு பூட்டும் முறைக்குக் ‘கிளிப்லெஸ்’ என்கிறார்கள், கிளிப் இல்லாதது என்று பொருள். காலைக் கொண்டுபோய்க் கிளிப் மாதிரிப் பூட்டுகிற ஒன்றுக்கு இப்படியொரு பெயரா என்று யோசித்தேன். முன்பு பந்தயக்காரர்கள் பெடலில் ஒரு கம்பிக் கூடு வைத்து, கால் நுனியை அதற்குள் நுழைத்து, வாரால் இறுக்கிக் கட்டுவார்கள். அந்தக் கூட்டுக்குத்தான் கிளிப் என்று பெயர். பிரான்சின் லுக் நிறுவனம் 1984இல், பனிச்சறுக்குச் சப்பாத்தைப் பலகையோடு பூட்டும் பொறியை அடியொற்றி, கூடு இல்லாத பெடலைக் கொண்டுவந்தது. அடுத்த வருடமே பிரெஞ்சு வீரர் பெர்னார்ட் இனோ அதை மிதித்து டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றார். 1990இல் ஜப்பானின் ஷிமானோ, மவுண்டன் சைக்கிளுக்கென்று எஸ்.பி.டி. என்ற சின்னப் பூட்டோடு வந்தது. இன்று புதிதாக வாங்கப் போகிறவர் கடையில் காண்பது பெரும்பாலும் இந்த இரண்டின் பிள்ளைகளைத்தான்.

லுக் வழியில் வந்தவற்றுக்குச் சப்பாத்தின் அடியில் முக்கோணமாக மூன்று துளை இருக்கும். அதில் பூட்டும் கிளீட் அகலமான பிளாஸ்டிக் துண்டு, அடியிலிருந்து வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். எஸ்.பி.டி.க்கு இரண்டு ஆணி போதும். கிளீட் இரும்பு, பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. சப்பாத்தின் அடியில் ரப்பர்க் கட்டைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் ஒளிந்து உட்காரும், ஆகவே நடக்கும்போது பெரிதாக நிலத்தில் படாது.

இவ்வளவும் காசு கட்டிய பிறகு படித்தது. பெடல் இரண்டு ஆணி வகையாக வாங்கியிருந்தேன். சப்பாத்து, கொழும்பில் ஒருவர் இரண்டே தடவை போட்டதாகச் சொல்லி விற்றது, விலை மலிவு, பார்க்கவும் அழகு. பெட்டியைத் திறந்து அடியைத் திருப்பிப் பார்த்தால் மூன்று துளை. விற்றவர் மேல் பிழை இல்லை, அவர் போட்ட படத்தில் துளைகள் தெளிவாகவே இருந்தன. பார்க்கத் தெரியாதவன் நான்தான். சில சப்பாத்துகளில் இரண்டு துளையும் மூன்று துளையும் சேர்ந்தே இருக்கும். இதில் அதுவும் இல்லை. வந்ததற்கு ஒருமுறை நடந்தாவது பார்ப்போம் என்று வீட்டு மாபிள் தரையில் நடந்தேன்.

“இஞ்சேருங்கோ, குதிரை ஏதும் உள்ளுக்கு வந்திட்டுதோ?” என்று குசினியில் இருந்து குரல் வந்தது.

அந்த ஒரு கேள்வியில் மூன்று துளை விஷயம் முடிந்தது. நினைத்துப் பாருங்கள், நம் ஊரில் சைக்கிளை விட்டு இறங்காமல் எங்கே போக முடியும்? கோட்டை வாசலால் ஏறிக் கோணேசர் கோயில் மட்டும் போனால், மேலே வெறுங்காலோடுதான் நிற்க வேண்டும், கீழே கல்லிலும் தாரிலும் நடக்க வேண்டும். உப்புவெளியில் பிளேன்ரீ குடிக்க இறங்கினால் மணல். துருத்திய பிளாஸ்டிக்கோடு கல்லில் நடந்தால் வழுக்கும், பிளாஸ்டிக்கும் தேயும். பந்தயம் ஓடுகிறவருக்கு அது சரி. அகலமான கிளீட் மிதிக்கிற பாரத்தைப் பரவலாகத் தாங்கும், நூறு கிலோமீற்றர் இறங்காமல் ஓடுகிறவர் அதைத்தான் விரும்புவார். நான் நூறு கிலோமீற்றர் ஓடினால் அதில் நான்கு இடத்தில் சாப்பிடுவேன்.

இன்னொன்றும் செய்தேன், யாராவது கேட்டால் நான் முதலில் சொல்லும் யோசனை இதுதான். ஒரு ஞாயிறு, காலை எத்தனை தடவை நிலத்தில் வைக்கிறேன் என்று எண்ணிக்கொண்டே போனேன். அநுராதபுரச் சந்தி தாண்டும் வரை ஒன்பது தடவை. ஆட்டோவுக்கு மூன்று, பஸ்ஸுக்கு இரண்டு, மாட்டுக்கு இரண்டு, தெரிந்தவர் மறித்துக் கதைத்தது ஒன்று, மானுக்கு ஒன்று. வெளியூர்க்காரர் நம்ப மாட்டார்கள், எங்கள் டவுனில் புள்ளிமான் வீதியால் நடந்து போகும். சாம்பல்தீவுப் பாலத்திலிருந்து நிலாவெளி வரை ஒரு தடவைகூட இல்லை.

பெடலைத் தெரிவு செய்ய அந்தக் கணக்குப் போதும். நான் வாங்கியிருந்தது ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் எஸ்.பி.டி. பூட்டு உள்ள வகை. தற்செயலாக அது சரியாக அமைந்துவிட்டது. டவுனுக்குள் தட்டைப் பக்கம், பாலம் தாண்டியதும் பூட்டுப் பக்கம். மற்ற நாட்களில் செருப்போடு கடைக்கும் போகலாம். இதில் எரிச்சல் ஒன்று உண்டு. அவசரத்தில் கால் வைக்கும்போது வேண்டாத பக்கம்தான் மேலே இருக்கும், கால் நுனியால் ஒரு தட்டுத் தட்டித் திருப்ப வேண்டும். ஒரு மாதத்தில் பழகியது.

பூட்டே வேண்டாம் என்பவரோடும் எனக்குச் சண்டை இல்லை. சின்ன இரும்பு முட்கள் வைத்த அகலமான தட்டைப் பெடல், அடி வளையாத ஒரு கன்வஸ் சப்பாத்து, இந்த இரண்டும் இருந்தால் என் முழங்காலுக்குக் கீழே விழுந்த வடு விழுந்திருக்காது. பூட்டினால் மேலே இழுத்தும் மிதிக்கலாம், வேகம் இரட்டிப்பாகும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். நான் இழுப்பதே இல்லை. பூட்டினால் கால் ஒரே இடத்தில் நிற்கிறது, ஒவ்வொரு பள்ளத்திலும் இடம் தேட வேண்டியதில்லை. எனக்குக் கண்ட இலாபம் அவ்வளவுதான், எனக்கு அது போதும்.

மூன்று துளைச் சப்பாத்தை இன்னும் விற்கவில்லை.

கழற்றிய இரண்டு நாள்

பெடலின் மரை உலகம் முழுவதும் அநேகமாக ஒன்றுதான். விட்டம் 9/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 சுற்று. இடது பெடலின் மரை மட்டும் தலைகீழ். அச்சின் முனையில் எல், ஆர் என்று பொறித்திருக்கும், கறளில் மறைந்திருந்தால் துடைத்துப் பாருங்கள். இதை எங்கேயோ வாசித்த ஞாபகம் இருந்தது. ஆனால் நிலத்தில் குந்தியிருந்து, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஸ்பனரைப் பிடிக்கும்போது எது இடம் எது வலம் என்றே மாறிப் போகிறது. முதல் விதி, சைக்கிளைக் கவிழ்க்காதீர்கள்.

மறுநாள் சைக்கிள் திருத்தும் ஐயாவிடம் உருட்டிக்கொண்டு போனேன். பார்த்ததும் சொன்னார்.

“தம்பி, இது உப்புக் கறள். அதோட நீங்க வேற நல்லா இறுக்கி விட்டிருக்கிறீங்க.”

“ஐயா, எந்தப் பக்கம் சுத்திறது எண்டு எப்படி ஞாபகம் வைக்கிறது?”

“சைக்கிளை நேரா நிப்பாட்டுங்கோ. ஸ்பனர்ப் பிடி மேல பாக்க மாட்டுங்கோ. பின் சில்லுப் பக்கம் தள்ளினா கழரும், முன் சில்லுப் பக்கம் தள்ளினா இறுகும். ரெண்டு பக்கத்துக்கும் அதுதான்.”

இடம், வலம், மணிக்கூட்டுத் திசை என்று எதுவும் வேண்டாம். பின்னுக்குத் தள்ளினால் கழரும். நான் வாசித்த எல்லா விளக்கத்தையும்விட இந்த ஒரு வரி சுருக்கம்.

இடது மரை ஏன் தலைகீழ் என்பதையும் அவரே காட்டினார். பெரிய வாஷர் ஒன்றை எடுத்து அதன் துளைக்குள் ஒரு பென்சிலை நுழைத்தார். பென்சிலைத் துளையின் உள்விளிம்போடு அழுத்தி, விளிம்பைச் சுற்றி உருட்டிக்கொண்டு போனார். பென்சில் வலஞ்சுழியாகச் சுற்றிப் போக, அதில் எழுதியிருந்த எழுத்துகள் இடஞ்சுழியாகத் திரும்பின. பெடலைத் தாங்கும் கைக்குக் கிராங்க் என்று பெயர். அதன் துளைக்குள் பெடல் அச்சும் கண்ணுக்குத் தெரியாத அளவில் இப்படித்தான் உருள்கிறது. கால் அழுத்தும் பாரம் ஒவ்வொரு சுற்றிலும் அச்சைத் துளையின் விளிம்பைச் சுற்றி நகர்த்தும்போது, அச்சு எதிர்ப்பக்கமாக மெல்லத் திரும்பப் பார்க்கும். இடப்பக்கம் சாதாரண மரை வைத்தால் ஓட ஓடக் கழன்றுவிடும், தலைகீழ் மரை வைத்தால் இறுகும்.

சரி, திசை தெரிந்தது. ஆனாலும் அசையவில்லை. கிராங்க் அலுமினியம், பெடல் அச்சு இரும்பு. இரண்டு உலோகத்துக்கும் நடுவே உப்பீரம் போனால் மின்கலம் மாதிரி வேலை செய்து அலுமினியத்தை அரிக்கும். வெள்ளைத் தூள் மரையிடுக்கெல்லாம் அடைந்து இரண்டையும் ஒட்டவைத்துவிடும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. ஞாயிறுதோறும் ஓடும் பாதையில் வரும் இடத்தின் பெயரே உப்புவெளி. வேறு என்ன எதிர்பார்ப்பது?

ஐயா சொன்னபடி வீட்டில் செய்தது இது. கிராங்கின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் அச்சைச் சுற்றித் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு வைத்தேன். இல்லாதவர் மண்ணெண்ணெய் விடலாம், நேரம்தான் கூட எடுக்கும். காலையில் கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்துக் கிராங்க் முனையில் மெல்ல ஊற்றினேன். சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், துளை கொஞ்சம் இளகும். பிறகு 15 மில்லிமீற்றர் ஸ்பனரை மாட்டி, அதன் பிடியில் இரண்டடி நீளமான பழைய தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகினேன். மகள் மற்றக் கிராங்கை அசையாமல் பிடித்துக்கொண்டாள். பின்னுக்கு ஒரு தள்ளு.

டக் என்ற சத்தம் கேட்டதும் ஸ்பனர்தான் உடைந்தது என்று நினைத்தேன். உடையவில்லை, அச்சு கால் சுற்று நகர்ந்திருந்தது. அதற்குப் பிறகு கையாலேயே சுற்றினேன். மரையிடுக்கிலிருந்து வெள்ளைத் தூளும் கறுத்த எண்ணெயும் கலந்து பற்பசை மாதிரிப் பிதுங்கி வந்தது.

வலப்பக்கத்தில் வேலை செய்யும்போது செயினை முன்னால் பெரிய பல்சக்கரத்தில் போட்டுவையுங்கள். திடீரென்று இளகும்போது கைமுட்டி நேராகப் பல்லில்தான் போய் அடிக்கும், செயின் இருந்தால் பல் மூடியிருக்கும். இதையும் நான் வாசித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

புதிய பெடல் பூட்ட ஐந்து நிமிடம். பழைய பல் துலக்கும் தூரிகையால் கிராங்கின் மரையைச் சுத்தம் செய்து, புதிய அச்சின் மரை முழுக்கக் கிறீஸ் பூசினேன். முதல் நான்கு ஐந்து சுற்று கையால் மட்டும். கையால் போகவில்லை என்றால் கோணலாக ஏறுகிறது, உடனே நிறுத்தவேண்டும். அலுமினிய மரை ஒருமுறை போனால் கிராங்கே போனது. புதியதில் ஸ்பனர் பிடிக்க இடமில்லை, உள்பக்கத்திலிருந்து 8 மில்லிமீற்றர் எலன் கீ (அறுகோணச் சாவி) போட வேண்டியிருந்தது. இறுக்கம் 35 முதல் 40 நியூட்டன் மீற்றர். முறுக்கு அளக்கும் ஸ்பனர் என்னிடம் இல்லை. 20 சென்ரிமீற்றர் பிடியின் நுனியில் 18 முதல் 20 கிலோ அரிசிப் பை தொங்கினால் எவ்வளவு பாரமோ அவ்வளவு என்று கணக்குப் போட்டு அழுத்தினேன்.

சப்பாத்து அளவு

இரண்டாவது தடவை அவசரப்படவில்லை. பின்னேரம், வெயிலுக்குள் நடந்து கால் கொஞ்சம் ஊதியிருக்கும் நேரத்தில், ஒரு தாளில் ஏறி நின்று மகளைப் பென்சிலால் சுற்றிக் கோடு போடச் சொன்னேன். இடது கால் 264 மில்லிமீற்றர், வலது 261. நீளமான காலுக்குத்தான் வாங்க வேண்டும். ஷிமானோ அட்டவணையில் 26.5 சென்ரிமீற்றர் காலுக்கு 42ஆம் இலக்கம், 25.8க்கு 41. என் சாதாரணச் சப்பாத்து 41. பழக்கத்தில் அதையே வாங்கியிருந்தால் மூன்றாவது சோடியும் வாங்கியிருப்பேன். நிறுவனத்துக்கு நிறுவனம் இந்த அட்டவணை மாறும், இலக்கத்தை நம்பாமல் சென்ரிமீற்றரைப் பாருங்கள்.

நீளத்தைவிட எனக்குத் தொல்லை தந்தது அகலம். சின்ன வயதிலிருந்து வெறுங்காலும் செருப்புமாகத் திரிந்த கால், விரல்கள் விசிறி மாதிரி விரிந்துதான் நிற்கும். பந்தயச் சப்பாத்துகளின் முன்பக்கம் ஒடுக்கம். அதற்குள் இந்தக் காலைத் திணித்தால் பத்து கிலோமீற்றரில் சின்னவிரல் மரத்துப் போகும். ஆகவே அகல வடிவம் என்று குறித்த ஒன்றைத் தேடி எடுத்தேன். போட்டு நின்றபோது விரல்களை அசைக்க முடிந்தது, குதிக்கால் மேலே எழும்பவில்லை. இந்த இரண்டும் சரியென்றால் அளவு சரி.

அடிப்பாகம் கார்பனா நைலோனா என்று கடைக்காரர் கேட்டால் நைலோன் என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போங்கள். இரண்டு கையாலும் பிடித்து வளைத்தால் லேசாக வளைய வேண்டும், கந்தல் மாதிரி மடியக்கூடாது, அவ்வளவுதான். கட்டுவதற்கு லேஸ், ஒட்டும் பட்டி, சுழற்றும் குமிழ் என்று மூன்று விதம் உண்டு. நான் ஒட்டும் பட்டிதான் எடுத்தேன். கோயில் வாசலில் குனிந்து லேஸ் அவிழ்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. சுழற்றும் குமிழுக்குள் மணல் போனால் என்ன ஆகும் என்று யோசிக்கவே பயமாக இருந்தது. மேல்பக்கம் வலைத் துணி. கச்சான் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரை தார் வீதி அடுப்பு மாதிரி இருக்கும், காலுக்குக் காற்று வேண்டும்.

கிளீட்

ஷிமானோ இரண்டு ஆணிக் கிளீட்டில் பரவலாகப் பாவிப்பது இரண்டு வகை. கறுப்பு நிற எஸ்.எச். 51, குதிக்காலைப் பக்கவாட்டில் திருப்பினால் மட்டும் விடும். எஸ்.எச். 56, காலைப் பல கோணத்தில் முறுக்கி இழுத்தாலும் விடும். புதியவருக்கு 56தான். பல பெடலோடு 51தான் வரும், அப்படியானால் மற்றதைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும். நான் வாங்கினேன், வருந்தவில்லை.

எங்கே பூட்டுவது என்பதற்குச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, பெருவிரலுக்குப் பின்னால் உள்ளங்காலில் புடைத்து நிற்கும் எலும்பைத் தடவிப் பார்த்து, அந்த இடத்தில் வெளியே ஒரு சின்னப் பிளாஸ்ரர்த் துண்டு ஒட்டினேன். சின்னவிரல் பக்கத்திலும் அதேபோல் ஒன்று. இரண்டுக்கும் நடுவே கிளீட்டின் மையம் வரும்படி, கொஞ்சம் பின்னுக்கு வைத்தேன். ஆணிகளின் மரைக்குக் கிறீஸ். 4 மில்லிமீற்றர் எலன் கீ. 5 முதல் 6 நியூட்டன் மீற்றர், அதாவது 7 சென்ரிமீற்றர் பிடியில் 8 கிலோ அழுத்தம். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு மற்றதுக்குப் போகாமல் மாறி மாறி.

பெடலில் ஸ்பிரிங் இறுக்கத்தை மாற்ற ஒரு சின்னத் திருகு இருக்கிறது. இரண்டு பெடலிலும் அதை ஆகக் குறைந்த நிலைக்குக் கொண்டுவந்தேன். முற்றத்து மதிலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலையும் ஐம்பது தடவை பூட்டிப் பூட்டி எடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை.

எந்தக் காலை முதலில் எடுப்பது? நான் பார்த்த வெளிநாட்டுக் காணொளிகள் பலவற்றில் வலது காலைத்தான் எடுத்தார்கள். அங்கே வாகனம் வீதியின் வலப்பக்கமாகப் போகும், கரை அவர்களுக்கு வலப்பக்கம். நமக்குக் கரை இடப்பக்கம். இடது காலை எடுத்துக் கரைப் பக்கம் சாய வேண்டும். வலப்பக்கம் விழுந்தால் பஸ்ஸுக்கு முன்னால் விழுவோம்.

இவ்வளவு தெரிந்தும் மூன்றாவது நாளே விழுந்தேன். கோட்டை வாசலில் எதிரே ஒரு வான் வந்தது, இடது காலை ஒழுங்காக எடுத்தேன், உடம்பு என்னவோ வலப்பக்கம் சாய்ந்தது. நல்ல வேளை, எனக்குப் பின்னால் வாகனம் எதுவும் வரவில்லை. இந்த விழுகை மிக மெதுவாக நடக்கும், விழுவதற்குள் வெட்கப்படவும் நேரம் இருக்கும். முழங்கையில் ஒரு உரசல். மதிலோரம் மேய்ந்துகொண்டிருந்த மான் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டுத் திரும்ப மேய்ந்தது.

இரண்டாவது பிரச்சினை விழுகையைவிட மோசம். இரண்டாவது வாரம், உப்புவெளியில் யுத்த மயானத்துக்கு முன்னால் தண்ணீர் குடிக்க நிறுத்த நினைத்தேன். இடது காலைத் திருப்பினேன். சப்பாத்து திரும்பியது, பூட்டு விடவில்லை. இன்னும் திருப்பினேன், குதிக்கால் கிட்டத்தட்டப் பின்சில்லில் முட்டும் அளவு போனது, அப்போதும் விடவில்லை. கிளீட்டின் இரண்டு ஆணியில் ஒன்று வழியில் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. மீதி ஒற்றை ஆணியை அச்சாக வைத்துச் சப்பாத்துச் சுற்றுகிறது, கிளீட் பெடலுக்குள் அசையாமல் இருக்கிறது. வலது காலை எடுத்து, வலப்பக்கம் வீதியில் ஊன்றித் தப்பினேன். பிறகு பட்டியைப் பிரித்து இடது காலை மட்டும் உருவிக்கொண்டேன். சப்பாத்து பெடலில் தொங்க, ஒற்றைக்கால் சொக்ஸோடு வீதியோரம் நின்றேன். ஆட்டோக்காரர் ஒருவர் நிறுத்தி, “என்ன அண்ணன், சப்பாத்தை விட்டிட்டுப் போறீங்களோ?” என்று கேட்டார்.

அவரிடம் இருந்த தட்டை ஸ்குறூ டிரைவரால் பெடலின் பின்பக்க ஸ்பிரிங் நாக்கைப் பின்னுக்கு நெம்பிப் பிடிக்க, சப்பாத்தை மேலே தூக்கி எடுத்தேன். மீதித் தூரம் தட்டைப் பக்கத்தில் மிதித்தே வந்தேன். இரண்டு பக்கமும் பூட்டு உள்ள பெடலாக இருந்திருந்தால் அன்று நடைதான்.

காரணம் எளிது. புதிய சப்பாத்தின் அடி முதல் சில ஓட்டத்தில் கொஞ்சம் அமுங்கும், கிளீட்டின் பல் அடியில் பதியும், ஆணி இளகும். முதல் ஓட்டம் முடிந்ததும் திரும்ப இறுக்கிப் பார்க்க வேண்டும் என்று அறிவுறுத்தல் தாளிலேயே இருந்தது. அந்தத் தாளை ஆணிப் பொட்டலத்தோடு மேசையில் வைத்துவிட்டேன். இப்போது சீற்றுக்குக் கீழே உள்ள பைக்குள் 4 மில்லிமீற்றர் எலன் கீயும் இரண்டு மேலதிக ஆணியும் எப்போதும் இருக்கும்.

முழங்கால்

மூன்றாவது வாரம் வலது முழங்காலின் வெளிப்பக்கம் லேசாக நோகத் தொடங்கியது. நான் நடப்பது பத்து மணி பத்து நிமிடம் காட்டும் மணிக்கூட்டு முட்கள் மாதிரி, பாதம் இரண்டும் வெளியே பார்த்து. கிளீட்டை அழகாக நேராகப் பூட்டியிருந்தேன். எஸ்.பி.டி. பூட்டுக்குள் பாதம் பக்கவாட்டில் ஏறக்குறைய 4 பாகை அசைய இடமுண்டு, என் வலது காலுக்கு அது போதவில்லை. உயரமான மேசையில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு, பாதம் தானாக எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனித்தேன். அந்தக் கோணம் வரும் அளவுக்குக் கிளீட்டை மெல்லத் திருப்பி, பழைய இடத்தைப் பேனையால் அடையாளம் போட்டு வைத்து, இறுக்கினேன். சீற்றையும் 5 மில்லிமீற்றர் உயர்த்தினேன். செருப்பின் அடியைவிடப் புதிய சப்பாத்தின் அடி தடிப்பு, அதைக் கணக்கில் எடுக்க மறந்திருந்தேன். இரண்டையும் ஒரே நாளில் செய்ததால் எது குணமாக்கியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. நோவு போய்விட்டது.

இப்போது வாரம் ஒரு தடவை, ஓடி வந்ததும், பெடலில் நல்ல தண்ணீர் ஊற்றி மணலையும் உப்பையும் கழுவி, துணியால் துடைத்து, ஸ்பிரிங்கில் ஒரு துளி செயின் எண்ணெய் விடுகிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பெடலை முழுக்கக் கழற்றிக் கிறீஸ் போட்டுத் திரும்பப் பூட்டுவதென்று கலண்டரில் குறித்திருக்கிறேன். இனி அந்தக் கேத்தல் வேலை எனக்கு வேண்டாம்.

கழற்றிய பழைய பெடல் சோடியைத் துடைத்து மகளின் சின்னச் சைக்கிளுக்குப் பூட்டப் பார்த்தேன். உள்ளே போகவே இல்லை. ஒரே கம்பியை வளைத்துச் செய்த கிராங்க் அது, அந்த வகைக்கு மரை அரை அங்குலமாம். ஐயா கடை ஞாயிறு பூட்டு, திங்கள் போய்க் கேட்க வேண்டும்.